பழைய ஃபிரேமில் ஒரு ஃபிக்ஸி... எல்லாத்தையும் கழற்றலாம், பிரேக்கைத் தவிர!

பாலத்தில் ஏறி இறங்கும்போது என்ன பண்ணுவீங்க? மேடு முடிஞ்சதும் பெடல் மிதிக்கிறதை நிறுத்திட்டு, காற்று வாங்கிக்கிட்டே ஜாலியா இறங்குவீங்க. அப்போ பின்சக்கரத்திலிருந்து 'டிக் டிக் டிக்'னு ஒரு சத்தம் வரும். அது ஃப்ரீவீல் சத்தம். சக்கரம் பாட்டுக்குச் சுற்றட்டும், கால் ஓய்வெடுக்கட்டும் என்று இரண்டையும் பிரித்துவைக்கும் பல்சக்கரம்தான் ஃப்ரீவீல்.

அந்தச் சத்தமே வராத சைக்கிள் ஒன்று இருக்கிறது. அதற்குப் பெயர் ஃபிக்ஸ்டு கியர். செல்லமாக, ஃபிக்ஸி.

இதில் பின்பக்கப் பல்சக்கரம் ஹப்போடு இறுகப் பிடித்திருக்கும். சக்கரம் சுத்தினா பெடலும் சுத்தும். பெடலை நிறுத்தினா சக்கரமும் நிற்கப் பார்க்கும். பின்பக்கமா மிதிச்சா சைக்கிள் நிஜமாவே பின்னாடி போகும். இறக்கத்தில் 'போதும்டா சாமி'ன்னு காலை நிறுத்த நினைச்சாலும் பெடல் விடாது, உங்க காலையும் சேர்த்து இழுத்துக்கிட்டுச் சுத்தும். ஒரே ஒரு கியர், வயர்கள் குறைவு, கண்ணுக்குத் தெரியற பாகங்களும் குறைவு. அதனாலதான் சுவரில் சாய்த்து வைத்து போட்டோ எடுத்தால் கோடு போட்டு வரைஞ்ச மாதிரி இருக்கு.

புதுசா ஒரு ஃபிக்ஸியைக் கடையில வாங்குறது பெரிய விஷயமில்லை. பழைய ஸ்டீல் ஃபிரேம் ஒன்றைத் தேடிப் பிடிச்சு, துருவைச் சுரண்டி, ஒவ்வொரு பாகமா சேர்த்து நீங்களே கட்டுறதுலதான் கிக் இருக்கு. அதை எப்படிச் செய்யறது, எங்கே கவனமா இருக்கணும், கட்டி முடிச்சதும் எப்படி கெத்தா காட்டுறதுன்னு பார்ப்போம்.

இந்த ஸ்டைல் எங்கேயிருந்து வந்தது?

இன்ஸ்டா கண்டுபிடிச்ச ஃபேஷன்னு நினைச்சா தப்பு. முன்சக்கரம் ஆள் உயரத்துக்கு இருக்குமே, அந்தக் காலத்து பென்னி ஃபார்திங், அதுவும் ஃபிக்ஸ்டுதான். பெடல் நேராக முன்சக்கர ஆக்சிலில் இருக்கும். ஃப்ரீவீல் எல்லாம் பிறகு வந்த சொகுசு. டூர் டி பிரான்ஸ் ரேஸில்கூட 1937 வரைக்கும் கியர் மாற்றும் டிரெய்லர் கருவிக்கு அனுமதி கிடையாது. மலை வந்தால் வீரர்கள் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றி, திருப்பி மாட்டுவார்கள். ஹப்பின் ரெண்டு பக்கமும் வேற வேற அளவில் பல்சக்கரம் இருக்கும். இன்றைக்கு 'ஃபிளிப்-ஃபிளாப் ஹப்' என்று விற்கிற சமாச்சாரம் அதேதான்.

சாலையிலிருந்து ஃபிக்ஸ்டு கியர் மறைந்தாலும் வெலோட்ரோமில், அதாவது சாய்வான வட்ட டிராக்கில், தங்கிவிட்டது. அங்கே ஓடும் சைக்கிள்களுக்கு பிரேக்கே கிடையாது. காரணம் எளிது. எல்லோரும் ஒரே திசையில், உரசிக்கொண்டு போகிறார்கள். முன்னால் போகிறவர் சட்டென பிரேக் அடித்தால் பின்னால் வருகிற மொத்தக் கூட்டமும் சரியும். பிரேக் இல்லாமல் இருப்பதுதான் அங்கே பாதுகாப்பு. இந்த வரியை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

ஜப்பானில் இது வேறு லெவலுக்குப் போனது. 1948-ல் கொகுரா நகரில் கெய்ரின் ரேஸ் தொடங்கியது. பந்தயம் கட்டி விளையாடும் சைக்கிள் ரேஸ். பணம் கட்டுகிறவர்களுக்கு 'இவன் சைக்கிள் உசத்தி, அதான் ஜெயிச்சான்' என்ற சந்தேகம் வரக்கூடாது என்பதற்காக ஃபிரேம், ஹப், பெடல் என்று எல்லாப் பாகங்களுக்கும் கட்டுப்பாடு வைத்தார்கள். அனுமதி பெற்ற பாகங்களில் 'என்.ஜே.எஸ்' முத்திரை இருக்கும். நாகசாவா, மகினோ, கலவின்கா போன்ற பட்டறைகள் கையால் செய்த ஸ்டீல் ஃபிரேம்கள் இதற்காகவே உருவானவை. 1977 முதல் 1986 வரை வரிசையாகப் பத்து முறை ஸ்பிரின்ட் உலக சாம்பியனான கோய்ச்சி நாகானோவின் பெயரோடு ஒட்டிக்கொண்ட பெயர் நாகசாவா. வீரர்கள் ஓட்டிக் கழித்த கெய்ரின் ஃபிரேம்கள் செகண்ட் ஹேண்டில் உலகம் முழுக்கப் போக ஆரம்பித்ததும், கீறலோடு இருக்கும் பழைய ஃபிரேமுக்கே ஒரு மவுசு வந்துவிட்டது.

இன்னொரு பக்கம் நியூயார்க். 1980-களில் அங்கே தபால், ஆவணங்கள் கொண்டுபோகும் சைக்கிள் மெசஞ்சர்கள் டிராக் சைக்கிளை நகரத்துக்குள் ஓட்டினார்கள். கெட்டுப்போகப் பாகங்கள் குறைவு, செலவும் குறைவு. அந்தக் கூட்டத்திலிருந்து வந்தவர்தான் நெல்சன் வேல்ஸ். மெசஞ்சராக இருந்தவர், 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக் ஸ்பிரின்டில் வெள்ளி வாங்கினார். 2000-க்குப் பிறகு இந்த மெசஞ்சர் ஸ்டைலைக் கல்லூரிப் பசங்களும் டிசைனர்களும் பிடித்துக்கொள்ள, லண்டன், பெர்லின், டோக்கியோ, ஜகார்த்தா என்று பரவியது. 'பிரீமியம் ரஷ்' (2012) படம் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஹீரோ ஓட்டுவது பிரேக் இல்லாத ஃபிக்ஸி. அந்தப் படப்பிடிப்பில் ஹீரோ ஜோசப் கார்டன்-லெவிட் ஒரு காரின் பின்கண்ணாடியில் மோதி கையில் 31 தையல் போட்டார். ரத்தம் வழியும் அந்தக் காட்சி படத்தின் கடைசியில், பெயர்கள் ஓடும்போது வரும். அதைப் பார்க்காம எழுந்து போனவங்கதான் அதிகம்!

ஃபிரேம் வேட்டை

பழைய ஃபிரேம் என்றால் எல்லாப் பழசும் சரிவராது. முதலில் பார்க்க வேண்டியது பெயின்ட் இல்லை, பின்சக்கர ஆக்சில் உட்காரும் வெட்டு. இதற்கு டிராப்அவுட் என்று பெயர். ஃபிக்ஸியில் செயினை இறுக்க டிரெய்லர் கிடையாது. சக்கரத்தையே முன்னும் பின்னும் நகர்த்தித்தான் செயின் டைட்டைச் சரி செய்யணும். அதனால் வெட்டு படுக்கை வாட்டில் நீளமாக இருக்கணும். 1970, 80-களின் ரோடு பைக்குகளில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். பிறகு வந்த கியர் சைக்கிள்களில் வெட்டு செங்குத்தாக மேலே போகும். அதில் ஆக்சிலை நகர்த்தவே முடியாது. விலை குறைவு என்று அதை வாங்கிவிட்டு அப்புறம் தலையில் கை வைக்காதீங்க.

அடுத்தது ஸ்டீலா, அலுமினியமா? பாக்கெட்டில் ஒரு குட்டிக் காந்தம் போதும். ஒட்டினால் ஸ்டீல். ஸ்டீல் ஏன் வேணும்னா, அகலம் சரியில்லைன்னா கொஞ்சம் விரிக்கலாம், வளைஞ்சா சரி பண்ணலாம். ஐந்து கியர் இருந்த பழைய ரோடு ஃபிரேமின் பின்பக்க அகலம் 120 மி.மீ., ஆறு கியர் வந்தபோது 126, அதற்கப்புறம் 130. டிராக் ஹப்பின் அளவு 120. ஆகவே பழசாகப் பழசாக உங்களுக்கு வேலை சுலபம். 126 என்றாலும் ஸ்டீலில் பயமில்லை, வாஷர் வைத்தோ, அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் சொல்லி அழுத்தியோ சரிக்கட்டிவிடலாம். அலுமினிய ஃபிரேமில் இந்த வேலை கூடவே கூடாது, விரிசல் விடும்.

காசு கொடுப்பதற்கு முன்னால் ஐந்து நிமிஷம் குனிந்து பாருங்க. டவுன் டியூப், அதாவது ஹேண்டில் பக்கத்திலிருந்து பெடல் பக்கம் இறங்கும் குழாய், அதன் மேல்முனைக்கு அடிப்பக்கம் விரலை ஓட்டுங்க. பெயின்ட் மடிப்பு மடிப்பாக உப்பியிருந்தால் அந்த சைக்கிள் எங்கேயோ நேருக்கு நேர் மோதியிருக்கிறது. விட்டுட்டு வாங்க. பெடல் ஆக்சில் ஓடும் பகுதியைச் சுற்றி மயிரிழை விரிசல் இருக்கான்னு பாருங்க. சீட் கம்பமும் ஹேண்டில் ஸ்டெம்மும் அசைகிறதா என்று திருகிப் பாருங்க. ஸ்டீல் குழாய்க்குள் அலுமினியக் கம்பம் வருஷக்கணக்கில் கிடந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதைக் கழற்ற எண்ணெய் விட்டு நாள்கணக்கில் காத்திருக்கணும், சில சமயம் அதுவும் பலிக்காது.

ஃபிரேம் கோணலா என்பதற்கு ஒரு நூல் போதும். பின்பக்க டிராப்அவுட் ஒன்றில் நூலைக் கட்டி, ஹேண்டில் குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து மறுபக்க டிராப்அவுட்டில் இறுக்கிக் கட்டுங்க. சீட் குழாயிலிருந்து ரெண்டு பக்க நூலுக்கும் உள்ள தூரத்தை ஸ்கேலால் அளங்க. சமமா இருந்தா ஃபிரேம் நேர். கொத்தனார் நூல் பிடிக்கிற அதே டெக்னிக்தான்!

பெடல் ஆக்சில் குழாயின் அடியில் ஃபிரேம் நம்பர் அடிச்சிருக்கும். அது சுரண்டப்பட்டிருந்தால், விலை எவ்வளவு குறைவா இருந்தாலும் வேண்டாம். திருட்டு சைக்கிளா இருக்க வாய்ப்பு அதிகம்.

'ரெனால்ட்ஸ் 531' என்று ஒரு ஸ்டிக்கர் கண்ணில் பட்டால் கொஞ்சம் நிதானமாகப் பேரம் பேசுங்க. 1935-ல் அறிமுகமான இந்த ஸ்டீல் குழாய், ரேஸ் சைக்கிள்களில் பல பத்தாண்டுகள் கோலோச்சியது. இதில் நமக்கு ஒரு தூரத்துச் சொந்தமும் உண்டு. ரெனால்ட்ஸ், பர்மிங்ஹாமின் ஹெர்குலிஸ் ரெண்டுமே டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் என்ற பிரிட்டிஷ் குழுமத்தின் கையில் இருந்தவை. அதே குழுமம் முருகப்பா குழுமத்தோடு சேர்ந்துதான் 1949-ல் இங்கே கம்பெனி தொடங்கி, அம்பத்தூரில் சைக்கிள் செய்தது. தாத்தாவோட ஹெர்குலிஸும் அந்த ரேஸ் ஃபிரேமும் ஒரு வகையில் பங்காளிங்க.

அப்போ தாத்தா சைக்கிளிலேயே பண்ணலாமா?

இந்தக் கேள்வி வரும்னு தெரியும். நம்ம ஊர்ல காயலான் கடையில கிடைக்கிறது பெரும்பாலும் கறுப்பு ரோட்ஸ்டர்தான். அதன் டிராப்அவுட் பின்பக்கம் திறந்து, நீளமா இருக்கும். செயின் இறுக்க அருமையான அமைப்பு. இதுவரைக்கும் பாஸ் மார்க்.

சிக்கல் மற்ற இடங்களில். ரோட்ஸ்டரின் 28 இன்ச் ரிம்மின் அளவு 635 மி.மீ. ஃபிக்ஸிகளில் போடும் 700சி ரிம் 622. அதோட, ரோட்ஸ்டரின் கம்பி பிரேக் ரிம்மின் உள்பக்கம் போய் அழுத்தும். ரிம்மை மாற்றினால் அந்த பிரேக் வேலை செய்யாது, கட்டை எட்டாது. புது காலிப்பர் பிரேக் மாட்ட ஃபோர்க்கின் தலையில் ஓட்டை வேணும், அந்தக் கட்டை ரிம்மை எட்டவும் வேணும். கிராங்க்கில் காட்டர் பின் இருக்கும். முன்னும் பின்னும் மாறி மாறி அழுத்தம் வரும் ஃபிக்ஸியில் அது சீக்கிரம் தளர்ந்து 'டொக் டொக்'னு ஆடும். எடையும் 20 கிலோவை ஒட்டி வரும்.

என் கருத்தைக் கேட்டா, ரோட்ஸ்டரை ஃபிக்ஸியா மாற்றாதீங்க. கேரியர், செயின் கவர், மட்கார்டு எல்லாம் இருக்கும்போது அது தனி அழகு. ஓவராயிலிங் பண்ணி, பெயின்ட் அடிச்சு அப்படியே ஓட்டுங்க. ஃபிக்ஸிக்கு பழைய ரோடு பைக் ஃபிரேம் தேடுறதுதான் சரி.

உயிர் நிற்பது ஹப்பில்

சைக்கிள் கடையில் யாராவது ஒருத்தர் இப்படிச் சொல்வார்: "இதுக்கு எதுக்கு தம்பி புது ஹப்பு? ஃப்ரீவீலை வெல்டு வச்சுட்டா ஃபிக்ஸ் ஆயிடப்போகுது." தயவுசெய்து சிரிச்சுக்கிட்டே நகர்ந்துடுங்க.

ஏன்னா, சாதாரண ஹப்பில் ஃப்ரீவீல் மாட்ட ஒரே ஒரு மரைதான் இருக்கும். வலது மரை. முன்னால் மிதிக்க மிதிக்க அது இறுகும். அதுவரை சரி. ஆனால் ஃபிக்ஸியில் வேகத்தைக் குறைக்க நீங்க பின்பக்கமா அழுத்துவீங்க. அந்த நொடியில் பல்சக்கரம் கழன்றுவரப் பார்க்கும். சரியாக, நீங்க நிற்கணும்னு நினைக்கிற நேரத்தில்! வெல்டு, கம்ப் எதுவுமே இதற்கு நம்பகமான வழி இல்லை. இங்கிலீஷில் இந்த மாதிரி ஹப்புக்கு 'சூசைட் ஹப்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

உண்மையான டிராக் ஹப்பில் ரெண்டு மரை இருக்கும். பல்சக்கரத்துக்குப் பெரிய வலது மரை. அதற்கு வெளியே, கொஞ்சம் சின்னதாக, ஒரு இடது மரை. அதில் லாக் ரிங் மாட்டுவார்கள். பின்பக்கம் அழுத்தும்போது பல்சக்கரம் கழலப் பார்த்தால், அது லாக் ரிங்கையும் சேர்த்துத் திருப்பும். எதிர் மரை என்பதால் லாக் ரிங் அந்தத் திருப்பலில் இன்னும் இறுகும். கழலப் பார்க்கிற விசையே பூட்டையும் போடுகிறது. நூறு வருஷத்துக்கு மேலாக இந்த ஐடியா மாறவில்லை.

மொத்த பட்ஜெட்டில் எங்கே கஞ்சத்தனம் பண்ணினாலும் ஹப், லாக் ரிங், செயின், பிரேக் நான்கிலும் பண்ணாதீங்க. முதல் தடவை கட்டுகிறவர்கள் ஃபிளிப்-ஃபிளாப் ஹப் வாங்குவது புத்திசாலித்தனம். ஒரு பக்கம் ஃபிக்ஸ்டு, மறுபக்கம் ஃப்ரீவீல். கால் பழகும்வரை ஃப்ரீவீல் பக்கம் ஓட்டலாம். போட்டோவில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது!

அடுத்து செயின் லைன். முன் பல்சக்கரமும் பின் பல்சக்கரமும் ஒரே நேர்கோட்டில் இருக்கணும். டிராக் ஹப்பில் ஃபிரேமின் நடுக்கோட்டிலிருந்து பல்சக்கரம் சுமார் 42 மி.மீ. தள்ளி இருக்கும். முன்னாலும் அதே அளவு வரணும். பழைய ரோடு பைக்கில் முன்னால் ரெண்டு பல்சக்கரம் இருக்கும் இல்லையா, வெளியே இருப்பதைக் கழற்றிவிட்டு உள்பக்க இடத்தில் ஒன்றை மாட்டினால் பெரும்பாலும் சரியாக வந்துவிடும். கோணலாக ஓடும் செயின் சத்தம் போடும், தேயும், கழலும். ஃபிக்ஸியில் ஓடிக்கொண்டிருக்கும்போது செயின் கழன்றால் பல்சக்கரத்துக்கும் ஹப்புக்கும் நடுவில் போய்ச் சிக்கி, பின்சக்கரம் பூட்டிக்கொள்ளலாம். செயினின் நடுவில் விரலால் தட்டினால் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு ஆடணும். கிராங்க்கை முழுசா ஒரு சுற்று சுற்றி, எல்லா இடத்திலும் பாருங்க. பழைய பல்சக்கரம் முழு வட்டமாக இருக்காது, ஒரு இடத்தில் தொளதொளன்னும் இன்னொரு இடத்தில் விறைப்பாவும் இருக்கும். விறைப்பா இருக்கிற இடத்தை வைத்து அட்ஜஸ்ட் பண்ணுங்க.

கிராங்க் நீளம் 165 மி.மீ. எடுங்க. டிராக் ஃபிரேமைவிட ரோடு ஃபிரேமில் பெடல் தரைக்குப் பக்கத்தில் இருக்கும். சாதாரண சைக்கிளில் வளைவில் உள்பக்கப் பெடலை மேலே தூக்கி வைத்துக்கொள்வோம். ஃபிக்ஸியில் அந்தச் சலுகை கிடையாது, வளைவிலும் பெடல் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். நீளமான கிராங்க் தரையில் இடித்தால் பின்சக்கரம் தூக்கி அடிக்கும்.

48:16 வேண்டாம், 48:17 போடுங்க

முன் பல்சக்கரத்தில் 46 பல், பின்னால் 16 என்று வைத்துக்கொள்வோம். ஒரு மிதிக்கு பின்சக்கரம் 2.875 சுற்று. 700சி சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 2.1 மீட்டர், ஆக ஒரு மிதிக்கு சுமார் 6 மீட்டர். நிமிஷத்துக்கு 90 மிதி மிதித்தால் மணிக்கு 32 கிலோமீட்டரைத் தாண்டும். சமதளத்துக்கு ஓகே. மேம்பாலம் அதிகம் இருக்கும் ஊரென்றால் 44:17 மாதிரி லேசான கியர் போடுங்க. மூட்டு நன்றி சொல்லும்.

இதில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. ஃபிக்ஸியில் பெடலை இறுக்கிப் பிடித்து பின்சக்கரத்தை வழுக்கவிடுவதை ஸ்கிட் என்பார்கள். கால் எப்போதும் ஒரே நிலையில்தான் பூட்டும், அப்போது டயரின் எந்த இடம் தரையில் தேய்கிறது என்பது பல் கணக்கைப் பொறுத்தது. முன், பின் பல் எண்ணிக்கையைச் சுருக்குங்க. ஸ்கூலில் படித்த அதே பின்னம்தான். 48/16 சுருக்கினால் 3/1. கீழே 1. அதாவது ஒவ்வொரு ஸ்கிட்டிலும் டயரின் ஒரே இடம் தேயும், சீக்கிரமே அங்கே ஓட்டை விழும். 46/16 என்றால் 23/8, எட்டு இடங்களில் பகிர்ந்து தேயும். 48/17-ஐச் சுருக்கவே முடியாது, பதினேழு இடங்கள். பின்னால் ஒரே ஒரு பல் மாறுது, டயர் ஆயுள் எங்கேயோ போயிடுது. எந்த ஆப்பும் இல்லாம மனசுலயே போட்டுடலாம்.

சரி, அந்த பிரேக் விஷயம்

டிராக்கில் பிரேக் இல்லாதது பாதுகாப்பு என்று பார்த்தோம். அங்கே எதிரில் வண்டி வராது, குறுக்கே நாய் ஓடாது, பஸ்ஸிலிருந்து யாரும் திடீரென இறங்க மாட்டார்கள். சாலையில் இது அத்தனையும் நடக்கும். ஆனாலும் 'பிரேக் இல்லாததுதான் ஒரிஜினல்' என்று ஒரு கெத்து இந்த உலகத்தில் ஊறிப்போயிருக்கிறது. பிரேக் வயர் இல்லாத ஹேண்டில் போட்டோவில் சுத்தமாகத் தெரிகிறது என்பது உண்மைதான். அதுக்காக?

கொஞ்சம் பிசிக்ஸ். வேகம் குறையும்போது உங்க எடை முன்சக்கரத்துக்குப் போய்விடும், பின்சக்கரம் லேசாகிவிடும். லேசான சக்கரத்தை எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கும், நிற்காது. ஸ்கிட் அடிப்பது அதுதான். பார்க்க மாஸாக இருக்கும், நிறுத்தும் சக்தி குறைவு. மணிக்கு 30 கிலோமீட்டரில், காய்ந்த ரோட்டில், நல்ல முன் பிரேக் பிடித்தால் ஏறக்குறைய 7 மீட்டரில் நிற்கலாம். பின்சக்கரத்தை மட்டும் நம்பினால் அதைப்போல ரெண்டு மடங்கு, சுமார் 14 மீட்டர். நடுவில் இருக்கும் அந்த 7 மீட்டரில்தான் எல்லாமே நடக்கும்.

நடந்தும் இருக்கிறது. 2016 பிப்ரவரியில் லண்டன் ஓல்டு ஸ்ட்ரீட்டில், மதிய நேரத்தில் சாலையைக் கடந்த 44 வயதுப் பெண் மீது ஒரு சைக்கிள் மோதியது. ஓட்டியவருக்கு 18 வயது. முன் பிரேக் இல்லாத டிராக் சைக்கிள். தலையில் அடிபட்ட அந்தப் பெண் பிழைக்கவில்லை. அவர் இரண்டு குழந்தைகளின் அம்மா. இங்கிலாந்தில் ஃபிக்ஸி ஓட்டலாம், ஆனால் முன் பிரேக் சட்டப்படி கட்டாயம். அந்தச் சட்டமே தனக்குத் தெரியாது என்று அந்தப் பையன் சொன்னான். 2017-ல் அவனுக்கு 18 மாத தண்டனை கிடைத்தது. சைக்கிளுக்கென்று பொருத்தமான சட்டம் இல்லாததால், குதிரை வண்டிக் காலத்தில், 1861-ல் எழுதப்பட்ட ஒரு சட்டப்பிரிவைத் தூசி தட்டி எடுக்க வேண்டியிருந்தது. இப்போது தென் கொரியாவில் ஸ்கூல் பசங்களிடம் இந்த ஃபேஷன் பரவ, 2025-ல் பிரேக் கழற்றிய ஃபிக்ஸிகளைப் பிடிக்க போலீஸ் தனியாகக் களமிறங்கியது. ஜப்பானிலும் சாலையில் ஓட்ட முன், பின் ரெண்டு சக்கரத்துக்கும் பிரேக் இருந்தாகணும். கெய்ரின் பிறந்த ஊரிலேயே அப்படி!

இங்கேதான் பழைய ரோடு ஃபிரேம் உங்களுக்குக் கைகொடுக்கும். டிராக் ஃபோர்க்கில் பிரேக் மாட்ட ஓட்டையே இருக்காது. ரோடு ஃபோர்க்கில் தலையிலேயே ஓட்டை ரெடி. ரெண்டு விஷயம் மட்டும் கவனிங்க. பழைய ஃபோர்க்குக்கு பின்பக்கம் சாதாரண நட் போடும் பிரேக் வேணும், இப்போது வருகிற பிரேக்கின் குழல் நட் அந்த ஓட்டையில் நுழையாது. அந்த ஃபிரேம் 27 இன்ச் சக்கரத்துக்கு (630 மி.மீ.) செய்யப்பட்டதாக இருந்தால், 700சி போடும்போது ரிம் 4 மி.மீ. கீழே இறங்கும். பிரேக் கட்டை அவ்வளவு எட்டணும், நீளமான கை உள்ள காலிப்பர் கேட்டு வாங்குங்க. கறுப்பு வயரை ஹேண்டில் டேப்புக்குள் ஓட்டிவிட்டால் ரெண்டடி தள்ளி நின்று பார்க்கிறவருக்குத் தெரியவே தெரியாது. முன் பிரேக் ஒன்று கட்டாயம். ஃப்ரீவீல் பக்கம் ஓட்டப்போறீங்கன்னா பின் பிரேக்கும் சேர்த்து.

கெத்து காட்டும் நேரம்

பெயின்ட் பற்றி ரெண்டு கட்சி உண்டு. பவுடர் கோட்டிங் போட்டுப் பளபளன்னு ஆக்கணும்னு ஒரு கட்சி. கீறலும் மங்கலுமா அப்படியே விடணும், அதுதான் வயசோட அழகுன்னு இன்னொரு கட்சி. நான் ரெண்டாவது கட்சி. ஒரிஜினல் பெயின்டும் ஸ்டிக்கரும் பாதிக்கு மேல் இருந்தால் கழுவி, மெழுகு தேய்த்து விடுங்க. அந்த ஸ்டிக்கர் திரும்பக் கிடைக்காது. பவுடர் கோட்டிங் கொடுப்பதாக இருந்தால், மரை உள்ள இடங்களையும் பேரிங் கப் உட்காரும் இடங்களையும் மறைக்கச் சொல்லுங்க, இல்லாவிட்டால் பாகங்கள் திரும்ப ஏறாது. கியர் வயர் கொக்கிகளை ரம்பத்தால் அறுத்து 'க்ளீன்' ஆக்குகிறார்கள். நல்ல ஃபிரேமில் இதைச் செய்யாதீங்க, நாளைக்கு வேறு ஒருத்தர் அதில் கியர் மாட்ட ஆசைப்படலாம்.

போட்டோவுக்கு எழுதப்படாத சட்டங்கள் இருக்கு, மீறினா கமென்ட்ல கிழிச்சுடுவாங்க. எப்போதும் செயின் இருக்கும் பக்கம்தான் கேமராவைப் பார்க்கணும். கிராங்க் தரைக்கு இணையாக, அல்லது பின்பக்கக் குழாயின் சாய்விலேயே இருக்கணும். காற்று அடிக்கும் வால்வு ரெண்டு சக்கரத்திலும் ஒரே நிலையில், பெரும்பாலும் அடியில். டயரின் பெயர் வால்வுக்கு நேராக வருகிற மாதிரி மாட்டியிருக்கணும். கேமரா சைக்கிளின் நடு உயரத்தில், நேர் எதிரில். பின்னணியில் ஒரே நிறச் சுவர். வாட்டர் டேங்க் சுவரோ, சுண்ணாம்பு உதிர்ந்த கோடவுன் சுவரோ போதும். பெடல் தானாக நிற்காதே என்று கவலைப்பட வேண்டாம், ஃபிக்ஸியில் சக்கரத்தை உருட்டி பெடலை வேணும்கிற இடத்தில் நிறுத்திக்கலாம்.

ஓட்டிக் காட்டணும்னா டிராக்ஸ்டாண்ட். காலைத் தரையில் ஊன்றாமல் சிக்னலில் அப்படியே நிற்பது. ஸ்பிரின்ட் வீரர்கள் எதிராளியை முன்னால் போகவைக்க டிராக்கில் செய்யும் தந்திரம் இது. லேசான மேடு பார்த்து, ஹேண்டிலைப் பாதி திருப்பி, கிராங்க்கைப் படுக்கையாக வைத்து, பெடலை ஒரு விரல் அளவு முன்னே, ஒரு விரல் அளவு பின்னே அழுத்திக்கொண்டே இருக்கணும். பின்னால் உருள முடியும் என்பதால் ஃபிக்ஸியில் இது சுலபம். காலி கிரவுண்டில், புல் தரையில் ஆரம்பிங்க. முதல் நாள் மூணு செகண்ட் நின்னாலே பெரிசு.

முதல் தடவை ஏறும்போது உடம்பு பழைய பழக்கத்தில் பெடலை நிறுத்தப் பார்க்கும். பெடல் உங்களைத் தூக்கி எறியும். எல்லோருக்கும் ஒரு தடவையாவது இது நடக்கும், அதனால் ஹெல்மெட் போட்டு, ஆள் இல்லாத இடத்தில் பழகுங்க. ஷூ லேஸை உள்ளே செருகுங்க, பேன்ட்டின் வலது காலைச் சுருட்டி விடுங்க, துப்பட்டா போட்டிருந்தால் இடுப்பில் இறுக்கிக் கட்டுங்க. துணி சிக்கினால் மற்ற சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினால் போதும், இதில் சக்கரம் நிற்கும்வரை செயின் இழுத்துக்கொண்டே போகும்.

விரலுக்கும் அதே கதைதான். சைக்கிளைத் தலைகீழாக வைத்து, சக்கரத்தைச் சுற்றிவிட்டு, துணியால் செயினைத் துடைப்போமே, அந்தப் பழக்கத்தை ஃபிக்ஸியில் மறந்துடுங்க. துணி சிக்கினால் அடுத்தது விரல்தான், பல்சக்கரம் நிற்காது. இதில் விரலை இழந்தவர்கள் இருக்கிறார்கள். சக்கரம் முழுசா நின்ன பிறகு, ஒரு சாண் துடைங்க, கையை எடுங்க, கொஞ்சம் உருட்டுங்க, மறுபடி அடுத்த சாண் துடைங்க.